இரண்டடித் தொட்டிக்கு எத்தனை மீன்?

வீரமுனையில் நின்றால் கடல் தெரியாது. சுற்றிலும் வயல்; கிழக்கே காரைதீவைத் தாண்டினால்தான் மணலும் அலையும். ஆனாலும் மோட்டார் சைக்கிளில் ஒரு கானைக் கட்டிக்கொண்டு போனால் இருபது லீற்றர் கடல்நீரோடு சுணங்காமல் வீடு திரும்பிவிடலாம். உலகின் பெரிய நகரங்களில் கடல்மீன் வளர்ப்போர் உப்புப் பொடியை விலைக்கு வாங்கிக் கரைக்க வேண்டியிருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறைக்காரருக்கு அந்தச் செலவு ஆண்டில் பாதிக்கு மேல் மிச்சம். கடல்மீன் தொட்டி வைக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

தொட்டி வைத்தவர் பெரும்பாலும் தடுமாறுவது உப்பிலோ வெளிச்சத்திலோ அல்ல, மீன்களின் எண்ணிக்கையில்தான். இரண்டடிக் கண்ணாடிக்குள் இரண்டு மீன் மட்டும் நீந்தினால் தொட்டி வெறுமையாகத் தெரிகிறது. மூன்றாவதும் நான்காவதும் வந்து சேர்கின்றன. கறண்ட் இருக்கும் சாதாரண நாளில் எட்டு மீன்கூடக் குறையில்லாமல் நீந்தும். அதைப் பார்த்து வளர்ப்பவருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் ஒரு தொட்டி எத்தனை மீனைத் தாங்கும் என்பதைக் கறண்ட் போன இரவையும், கச்சான் வீசும் மத்தியானத்தையும், கடல் கலங்கிக் கிடக்கும் மார்கழியையும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறது.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏட்டுக்கணக்கில் 56 லீற்றர். விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு, மணலையும் கல்லையும் போட்டபின் உள்ளே மிஞ்சும் நீர் சுமார் 40 லீற்றர்தான். கடைக்காரர் சொல்லும் கொள்ளளவை நம்பி மீன் வாங்குபவர் தொடக்கத்திலேயே 16 லீற்றர் கடனாளி. தொட்டியை நிரப்பும்போது அளவு போட்ட வாளியால் ஊற்றி, எத்தனை லீற்றர் போனது என்று தொட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. பின்னால் மருந்து போடும்போதும் அந்த எண் உதவும்.

அடுத்தது மூச்சு. 28 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பநிலையில் கடல்நீர் ஏறத்தாழ 6.4 மில்லிகிராமோடு நின்றுவிடும், ஏனெனில் உப்புக் கூடக்கூடக் கரையும் வாயு குறையும். ஆகவே 40 லீற்றர் கடல்நீரில் உள்ள மொத்த ஒட்சிசன் 256 மில்லிகிராம். ஒரு லீற்றர் காற்றில் இருக்கும் ஒட்சிசனைவிட இது குறைவு. லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல கடல்மீன்கள் திணறத் தொடங்கும். எனவே செலவழிக்கக் கூடியது 96 மில்லிகிராம் மட்டுமே.

எட்டு சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு கோமாளி மீன் பத்துக் கிராம் அளவில் இருக்கும். இந்த வெப்பத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் ஒட்சிசனை எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீன் இருந்தால் அந்த 96 மில்லிகிராம் 16 மணி நேரம் வரும். பத்து மீன் இருந்தால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நீர்மட்டத்தின் வழியாகக் கொஞ்சம் ஒட்சிசன் உள்ளே வரும், கல்லிலும் மணலிலும் வாழும் பற்றீரியா கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் விட்டுவிட்டுப் போட்ட பருமட்டான கணக்கு இது. ஆனாலும் இரண்டு மீனுக்கும் பத்து மீனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் மணிக்கணக்கில் கறண்ட் போனது. இவை அபூர்வமான நாட்கள்தான். ஆனால் மீன் மூச்சுத் திணறிச் சாக ஒரு நாள் போதும். மேலே சொன்ன 16 மணி நேரத்தையும் இந்த 13 மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 40 லீற்றருக்கு இரண்டு சிறு மீன் என்பது கஞ்சத்தனமான அளவல்ல என்பது புரியும்.

பற்றரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்ப், பவர் பாங்கில் இணைக்கும் வகையானாலும் சரி, இந்தக் கரையில் ஒவ்வொரு கடல்மீன் தொட்டிக்கும் கட்டாயம். மூடிய கனிஸ்ரர் வடிகட்டி வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கறண்ட் போன சில மணி நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒட்சிசன் தீர்ந்து, பற்றீரியா செத்து, உள்ளே நிற்கும் நீர் நாறத் தொடங்கும். கறண்ட் வந்ததும் அந்த நீர் நேரே தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்து, உள்நீரைக் கொட்டி, வடிகட்டிப் பொருளைக் கடல்நீரில் அலசிய பின்பே பம்பை ஓட விட வேண்டும்.

தீனி எங்கே போகிறது

மீன் சாப்பிட்டதெல்லாம் ஏதோ ஒரு வடிவில் நீரில்தான் மிஞ்சும். எட்டு மீன் உள்ள தொட்டியில் ஒரு நாளைக்கு அரைக் கிராம் உலர்தீனி போடப்படுகிறது என்று கொள்வோம். அதில் 45 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைதரசன். அப்படியானால் உள்ளே போகும் நைதரசன் 36 மில்லிகிராம். மீன் உடலாக்கிக்கொள்வது போக, ஏறத்தாழ 25 மில்லிகிராம் அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேறும்.

அமோனியாவின் நஞ்சு நீரின் காரத்தன்மையோடு கூடும். பீஎச் 7 இருக்கும் நன்னீர்த் தொட்டியில் அமோனியாவின் மிகச் சிறிய பங்கே நச்சு வடிவில் இருக்கும். கடல்நீரின் பீஎச் 8.2 அளவில் இருப்பதால் அந்தப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு. குளத்து மீனும் தங்க மீனும் வளர்த்துப் பழகிய வீடுகளில் முதல் கடல்மீன் தொட்டி தோற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். நன்னீரில் பொறுத்துக்கொள்ளப்பட்ட அதே நெரிசல், அதே தீனி, இங்கே உயிரை எடுக்கும்.

கல்லிலும் மணலிலும் வாழும் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். அதற்கு அவையும் ஒட்சிசனைச் செலவழிக்கும். அந்த 25 மில்லிகிராமை மாற்ற நாளொன்றுக்கு நூற்றுப்பத்து மில்லிகிராம் வரை வேண்டும். ஒன்றரை மீனின் மூச்சுக்குச் சமம். வடிகட்டியும் மூச்சு விடும் ஓர் உயிர்தான் என்பதைத் தொட்டி வைத்திருப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் மிஞ்சும் நைத்திரேற்று, 40 லீற்றரில் நாளொன்றுக்கு லீற்றருக்கு 2.8 மில்லிகிராம், வாரத்துக்கு 19 மில்லிகிராமுக்கு மேல் ஏறும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீர் மாற்றினால் போதும் என்று பல நூல்கள் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வேகத்தில் நைத்திரேற்று லீற்றருக்கு 100 மில்லிகிராமை நெருங்கித்தான் ஒரு நிலைக்கு வரும். இறாலும் கடற்சாமந்தியும் இருக்கும் தொட்டியில் 20ஐத் தாண்ட விடக்கூடாது. கல்லுக்குள் ஆழத்தில் வாழும் வேறு வகைப் பற்றீரியா ஒரு பங்கைக் கழித்துவிடும் என்றாலும் இடைவெளி பெரிது. தீனியைப் பாதியாக்கினால் அந்த எண்ணும் பாதியாகும். ஆனால் எட்டு மீனுக்கு இரண்டு மீனின் தீனியைப் போட்டுக் காலம் தள்ள முடியாது. மீன் மெலிந்து, நோய்க்கு இடம் கொடுக்கும்.

வாங்கும்போது ஐந்து சென்ரிமீற்றர்

நீளத்தை வைத்து மீன் எண்ணும் பழைய விதி ஒன்று உண்டு: இருபது லீற்றருக்கு ஓர் அங்குல மீன். வளர்ந்த அளவை வைத்துச் சிறு மீன்களுக்குப் பார்த்தால் அது தேவைக்கு மேல் கடுமையானது. ஆனால் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். மூச்சும் கழிவும் எடையைப் பின்தொடர்கின்றன. பத்து சென்ரிமீற்றர் மீன் ஒன்றை ஐந்து சென்ரிமீற்றர் மீன் இரண்டுக்குச் சமமாக எண்ணக்கூடாது.

எம்பரர் ஏஞ்சல் குஞ்சு கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு, கண்ணை எடுக்க முடியாத அழகில் இருக்கும். ஐந்து சென்ரிமீற்றரில் வாங்கலாம். அதே மீன் 40 சென்ரிமீற்றர் வரை வளரும். நீளத்தில் எட்டு மடங்கு, எடையில் ஐந்நூறு மடங்கு. இலங்கைக் கடலின் பேர்போன பவுடர் புளூ டேங் இருபது சென்ரிமீற்றரைத் தாண்டும். நாள் முழுவதும் முருகைக்கற் பாரில் மேய்ந்து திரியும் அந்த மீனுக்கு இரண்டடிக்குள் திரும்பக்கூட இடம் இருக்காது. சிங்கமீனும் 35 சென்ரிமீற்றருக்கு மேல் போகும். இவை மூன்றும் சின்னத் தொட்டிக்கு எந்தக் காலத்திலும் ஆகாதவை. பெரிதானதும் பெரிய தொட்டி வாங்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்குவதும் சரியல்ல. தொட்டி வருவதற்குள் மீனின் உடல் குறுகி நோய்ப்பட்டுவிடும்.

துப்புரவு மீன் என்று அழைக்கப்படும் நீலக்கோட்டு மீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து அது பெருமளவில் ஏற்றுமதியாகிறது. பாரில் அது ஓரிடத்தில் நிற்க, பெரிய மீன்கள் வரிசையில் வந்து தம் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தக் கொடுக்கும். இரண்டு மீன் இருக்கும் தொட்டியில் அதற்கு வேலையும் இல்லை, உணவும் இல்லை. சில வாரங்களில் வயிறு ஒட்டி இறக்கும். அதைக் கடலில் விட்டுவைப்பதே நியாயம்.

அடுத்தது மீன்களின் குணம். மூன்று வெள்ளைப் புள்ளி கொண்ட கறுப்பு டாம்சல் மலிவு, பலசாலி, எந்தத் தீனியையும் தின்னும். அதனால் முதல் மீனாக அடிக்கடி வந்து சேர்கிறது. குஞ்சாக இருக்கும்வரை கூட்டமாகத் திரியும். வளர்ந்ததும் ஒவ்வொன்றும் தனக்கென்று எல்லை பிடிக்கும். ஐந்து வாங்கினால் கடைசியில் ஒன்றே மிஞ்சுவது வழக்கம். ஆபிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களை நெரிசலாக விட்டுச் சண்டையைப் பரவலாக்கும் முறை ஒன்று நன்னீர் வளர்ப்பில் இருக்கிறது. அதைக் கடல்நீருக்குக் கொண்டுவரக் கூடாது. சண்டை குறைந்தாலும் மேலே சொன்ன ஒட்சிசன் கணக்கு குறையாது.

கோமாளி மீனில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை காத்திருக்கும் குஞ்சுகள். பாப்புவா நியூகினியில் ஆய்வு செய்த பீட்டர் பஸ்டன் 2003இல் நேச்சர் இதழில் எழுதியது கவனிக்கத் தக்கது: ஒரே கடற்சாமந்தியில் வாழும் மீன்களில் கீழ்நிலையில் இருப்பது தனக்கு மேலுள்ளதை எட்டாதபடி தன் வளர்ச்சியையே அடக்கி வைத்துக்கொள்கிறது. அடங்காதது துரத்தப்படும். கடலில் துரத்தப்பட்டால் ஓட இடம் உண்டு. தொட்டியில் மூன்றாவது கோமாளி மீன் மூலையில் ஒதுங்கி, செட்டை கிழிந்து சாகும். இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து வாங்கினால் அவையே தம்மைச் சோடியாக்கிக்கொள்ளும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 2003இல் வந்த ‘ஃபைன்டிங் நீமோ’ படத்தால் புகழ்பெற்ற ஓசெல்லாரிஸ் வகை எட்டு ஒன்பது சென்ரிமீற்றரோடு நிற்கும், இரண்டடித் தொட்டிக்குப் பொருந்தும். நம் பார்களில் வாழும் கிளார்க்கி வகை பதினைந்து சென்ரிமீற்றர் வரை வளரும், முரட்டுக் குணம். அதற்கு நான்கடித் தொட்டி வேண்டும். குஞ்சுப் பருவத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்குவது நடக்கிறது. கடையில் வகைப்பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். தொட்டியில் பிறந்த குஞ்சு கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. தமிழ்நாட்டில் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வு நிலையங்கள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன; அப்படி வளர்ந்த மீன் உலர்தீனிக்கும் சிறிய இடத்துக்கும் பழகியே வரும்.

ஜகார்த்தாவில் நடந்தது

நெரிசல் இல்லாத தொட்டி எவ்வளவு எளிமையாக ஓடும் என்பதற்கு நம் ஊரைப் போன்ற ஓர் ஊரிலிருந்தே சான்று இருக்கிறது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தம் முறையை விவரித்தார். கடலிலிருந்து கொண்டுவந்த நீர், உயிர்கள் ஒட்டியிருந்த கல், சன்னமாக விடப்பட்ட காற்றுக் குமிழி. பெரிய வடிகட்டி எதுவும் கிடையாது. வெப்பமண்டலம், பக்கத்தில் கடல். அம்பாறைக் கரைக்கு உள்ள அதே வசதிகள். அமெரிக்காவில் அதைப் பார்த்துச் செய்த பலருக்குக் கைகூடவில்லை. கல்லின் உயிர்கள் பயணத்தில் செத்தது ஒரு காரணம். அந்த முறை தாங்கக்கூடியதைவிட அதிக மீன்களை விட்டது மற்றொன்று.

அவருடைய முறையில் ஒன்றை மட்டும் இங்கே பின்பற்றக் கூடாது. இலங்கையில் முருகைக்கல்லை உயிரோடு உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். 2004 ஆழிப்பேரலையும் 1998 முதல் அடுத்தடுத்து வந்த வெளிறலும் பார்களை ஏற்கெனவே வருத்தியிருக்கின்றன. கடையில் கிடைக்கும் நுண்துளைச் செராமிக் கல் போதும். பற்றீரியா அதில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வாரங்களில் தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டால் அமோனியா ஏறி, பின் இறங்கும், நைத்திரைற்றும் அப்படியே. இரண்டும் சோதனையில் பூச்சியமானதும் முதல் மீன் வரலாம். ஒரு மாதம் கழித்து இரண்டாவது; கோமாளிச் சோடியானால் இரண்டும் ஒன்றாகவே வரலாம். ஒவ்வொரு புது மீனும் அதற்குமுன் நான்கு வாரமாவது தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ இருந்து வர வேண்டும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கடல் ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்து, மணலில் கூடு கட்டி, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிவந்து மறுபடியும் மீனைத் தேடும். விரிந்த கடலில் அவற்றில் பெரும்பாலானவை மீன் கிடைக்காமல் அழியும். நெரிசலான தொட்டியில் எல்லாத் திசையிலும் மீன். நோய் புகுந்துவிட்டால் அதை ஒழிக்கத் தொட்டியை எழுபது நாளுக்கு மேல் மீனில்லாமல் வைக்க வேண்டியிருக்கும்.

தொடங்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. கிழக்குக் கடல் அப்போது அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும் அந்த மாதங்களில்தான் வண்ணமீன் பிடிக்கும் சுழியோடிகளும் கிழக்குக்கு வருவார்கள். கடையில் மீனும் புதிதாக இருக்கும். ஆடி, ஆவணிக்குள் மீன் குடியேறிவிட்டால் மாரிக்கு முன் தொட்டி நிலைபெற்றுவிடும். கச்சான் வீசும் நாட்களில் அறை சூடேறி நீர் 31, 32 பாகையைத் தொடும். மேலே ஒரு சிறு விசிறி வைத்தால் இரண்டு பாகை இறங்கும், ஆனால் நீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். வயலோரக் கிணற்று நீரில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருக்கலாம் என்பதால் சுத்திகரித்த நீர் நல்லது.

கார்த்திகை முதல் தை வரை கடல் நீரை நம்ப முடியாது. மழைவெள்ளம் முகத்துவாரங்கள் வழியாகச் சேற்றோடும் வயல் இரசாயனத்தோடும் வந்து சேரும். கரையோர நீரின் உப்பு குறையும். ஐப்பசிக்கு முன்பே நீர் சேமித்துவிட வேண்டும். இரண்டு மீன் உள்ள 40 லீற்றர் தொட்டிக்கு வாரம் 8 லீற்றர் என்றால் மூன்று மாதத்துக்கு நூறு லீற்றர், ஐந்து கான். மூடி, இருட்டில் வைத்தால் கெடாது. எட்டு மீன் உள்ள தொட்டிக்கு இருபது கானும் காணாது, அவற்றை வைக்க வீட்டில் இடமும் இருக்காது. முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, மழை பெய்து சில நாள் கழிந்தபின் அள்ளி, துணியில் வடித்து, உப்பு மானியில் 1.025 காட்டுகிறதா என்று பார்த்தே சேர்க்க வேண்டும்.

ஆகவே இரண்டடித் தொட்டிக்கு ஒரு சோடி ஓசெல்லாரிஸ், ஓர் இரத்தச் சிவப்பு இறால், பாசி தின்னச் சில நத்தை. அல்லது சொடுக்கு இறாலும் அதோடு ஒரே வளையில் வாழும் சிறு கோபி மீனும்; கண்பார்வை மங்கிய இறால் வளை தோண்ட, கோபி வாசலில் காவல் நிற்கும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பத்து டாம்சல் ஒன்றையொன்று துரத்துவதைவிட இந்த ஒரு வளையில் நடப்பது அதிகம். மூன்றடித் தொட்டியில், 95 லீற்றர் அளவுக்கு நீர் இருந்தால், நான்கு அல்லது ஐந்து சிறு மீன்.

ஏற்கெனவே அளவு மீறிய தொட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. விடியற்காலையில் வெளிச்சம் போடுமுன் பார்த்தால் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். பீஎச் 8க்குக் கீழே இருக்கும். மாற்றிய சில நாளில் நைத்திரேற்று பழைய இடத்துக்கு ஏறியிருக்கும். அந்த நிலையில் பெரிய வடிகட்டி வாங்குவது காசைக் கரைக்கும், ஒட்சிசனைக் கூட்டாது. மீனைக் குறைக்க வேண்டும்.

குறைப்பது என்றால் கடலிலோ மட்டக்களப்பு வாவியிலோ விடுவதல்ல. தொட்டியில் சேர்ந்த நோய் அதோடு போகும். வேறு கடலில் பிறந்த இனமானால் இன்னும் மோசம். அத்லாந்திக்கில் சிங்கமீன் முதன்முதலில் 1985இல் புளோரிடாக் கரையில் பதிவானது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்பது பரவலான முடிவு. இன்று கரீபியன் முழுதும் அது பரவியிருக்கிறது. இலங்கைக் குளங்களில் ‘டாங்க் கிளீனர்’ மீன் பெருகியதும் இப்படித்தான். மீனை வாங்கிய கடைக்கோ, பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்கோ கொடுக்கலாம். கொண்டுபோகும் முதல்நாள் தீனி போடாமல், ஒவ்வொன்றையும் தனிப் பையில், மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீரும் மீதி காற்றுமாகக் கட்டி, வெயில் ஏறுமுன் இருட்டான பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டும். கல்முனை வரை என்றால் அவ்வளவே போதும். கொழும்புக்கு அனுப்புவதானால் பையில் காற்றுக்குப் பதில் ஒட்சிசன் அடைக்கச் சொல்ல வேண்டும்.